எஞ்சிய ஒளியும் ஒதுக்கிய பாடல்களும்



நெய்வேலி வட்டங்களால் ஆன ஊர். இங்கே வீடு எங்கே என்று கேட்டால் முதலில் வட்டத்தின் எண்ணைத்தான் சொல்வார்கள். அத்தனை வட்டங்களுக்கும் நடுவில் எண் இல்லாத வட்டமாக நம் இலக்கிய வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்திருக்கிறது. இந்த மேடையில் எத்தனையோ கவிதைகள் முதன்முதலாகக் காற்றைத் தொட்டிருக்கின்றன. அவற்றுள் சிலவற்றைக் கேட்டு நான் உறங்காமல் இருந்ததுண்டு. சிலவற்றைக் கேட்டுக்கொண்டே உறங்கியதும் உண்டு. இரண்டுக்கும் நன்றி.

விழாக்குழுவினர் என்னிடம் கேட்டது முல்லைத்திணை பற்றிய உரை. என் முனைவர் பட்ட ஆய்வு அத்திணையைப் பற்றியது என்பதால் அவ்வாறு கேட்டார்கள். முல்லைக்கு வந்து சேர்கிறேன், ஆனால் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் வழியாக வந்து சேர்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். செயலாளர் ஒரு கணம் தயங்கினார். தமிழம்மாவுக்கு அங்கே என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் தவறில்லை. பள்ளியோடு இயற்பியலை விட்டவள் நான். என் மகள் அதனை விடவில்லை. முதுகலை இயற்பியல் பயில்கிறாள். நான் இன்று சொல்லப்போவதில் பாதி, அவளுடைய செய்முறைக் குறிப்பேட்டிலிருந்து நான் கற்றது.

முதுகலை வகுப்பில் உயர்நிலைச் செய்முறை என்று ஒரு தாள் உண்டு. இளங்கலையில் ஒளிவிலகல் எண்ணும் மின்தடையும் அளந்து பழகிய கைகள், இங்கே அணுக்கருவிலிருந்து வரும் கதிர்களை எண்ணவும், வில்செம்பின் நிறமாலையைப் படமாக்கி வரிகளை அடையாளம் காணவும், குறைகடத்தியில் ஹால் விளைவை அளக்கவும் பழகுகின்றன. மாணவர்க்கு இரண்டு ஏடுகள். ஆய்வுக்கூடத்திலேயே அளவீடுகளை எழுதுவது அப்சர்வேஷன் நோட்டு. வீட்டில் அழகாகப் படம் வரைந்து படியெடுப்பது ரெக்கார்டு நோட்டு. முன்னது அழுக்கானது, பின்னது அட்டை போட்டது. மதிப்பெண் பின்னதற்கு மிகுதி என்று மாணவர் நம்புவர்.

ஒருநாள் என் மகள் வாடிய முகத்தோடு வந்தாள். கைகர்-முல்லர் எண்ணி என்பது ஒரு குழாய். கதிரியக்கப் பொருளிலிருந்து ஒரு துகள் அதனுள் புகுந்தால் ஒரு மின்துடிப்பு. ஒரு துடிப்புக்கு ஓர் எண். ஒரு நிமிடத்தில் எத்தனை துடிப்பு என்று பத்து முறை எண்ணி எழுதவேண்டும். அவள் எழுதியவை இவை: 402, 399, 401, 403, 400, 401, 398, 402, 400, 401. பார்ப்பதற்கு எவ்வளவு ஒழுங்கு! பேராசிரியை அந்தப் பக்கத்தைப் பார்த்தவுடன், "இதை நீ எண்ணவில்லை, எழுதியிருக்கிறாய்" என்று சொல்லிவிட்டாராம்.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதுதான் என்னை நிறுத்திய செய்தி. கதிரியக்கத்தில் எந்த அணு எப்போது சிதையும் என்பது தற்செயல். ஆகவே ஒரே பொருளை ஒரே குழாயின் முன் ஒரே தொலைவில் வைத்து எண்ணினாலும் நிமிடத்திற்கு நிமிடம் எண் மாறும். எவ்வளவு மாறும் என்பதற்கும் கணக்கு உண்டு. எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு மாறும். நானூறு எண்ணினால் இருபது. பத்து முறை எண்ணினால் அவற்றுள் ஏறத்தாழ மூன்று, 380க்குக் கீழேயோ 420க்கு மேலேயோ விழவேண்டும். பத்தும் ஐந்து எண்களுக்குள் அடங்கியிருந்தால் அவை இயற்கையிலிருந்து வந்தவை அல்ல, ஒரு மாணவியின் அச்சத்திலிருந்து வந்தவை. பொய் தன் ஒழுங்கினாலேயே பிடிபட்டுவிட்டது.

நடந்தது இதுதான். முதல் மூன்று முறை அவள் உண்மையாகவே எண்ணியிருக்கிறாள். 402, 371, 433 என்று வந்திருக்கின்றன. கருவி பழுது என்று முடிவு செய்தாள். நேரம் முடியப்போகிறது, அடுத்த குழு காத்திருக்கிறது. முதல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அதன் பக்கத்திலேயே நட்டுவிட்டாள். அவளிடம் நேர்மைக்குறைவு இருந்தது. அதை நான் மூடி மறைக்கவில்லை. ஆனால் அதற்கும் கீழே ஒரு நம்பிக்கை இருந்தது. இயற்கை ஒரே கேள்விக்கு ஒரே விடைதான் சொல்லும், மாறிச் சொன்னால் அது பிழை என்ற நம்பிக்கை. அவள் பிழை என்று எறிந்த 371உம் 433உம்தான் கதிரியக்கம் தற்செயலானது என்பதற்கு அவள் கையில் கிடைத்த சான்று. சான்றை எறிந்துவிட்டு முடிவை வைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் மறுபடியும் எண்ண வைத்தார் பேராசிரியை. 417, 381, 402, 372, 409, 395, 428, 390, 404, 411. கூட்டிப் பத்தால் வகுத்தால் ஏறத்தாழ 401. சராசரி ஏறத்தாழப் பொய்யெண்களின் சராசரியேதான்! ஆனால் இந்த வரிசையில் ஓர் உயிர்ப்பு இருக்கிறது என்று என் மகள் சொன்னாள். சந்தம் தட்டாமல் அறுத்து அடுக்கிய வரிகளையும், மூச்சு வாங்கி நடக்கும் வரிகளையும் கேட்டுப் பழகிய இந்த அவைக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

அதோடு அவர் ஒரு விதியும் சொல்லியிருக்கிறார். பென்சில் கூடாது, அழிப்பான் கூடாது. மையால் எழுது. தவறென்று தோன்றினால் குறுக்கே ஒரே ஒரு கோடு போடு. அடித்தது படிக்கத் தெரியவேண்டும். அருகில் ஏன் அடித்தாய் என்று எழுது. இந்த விதியைக் கேட்டவுடன் எனக்கு உ.வே. சாமிநாதையர் நினைவு வந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததிலிருந்து அவர் பல ஏடுகளை ஒப்பிட்டு, தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, கொள்ளாத பாடங்களைப் பிரதிபேதம் என்று காட்டும் வழக்கத்தை வளர்த்தார். தாம் தள்ளியதையும் படிக்கக் கொடுத்தார். நம் பதிப்புத்துறையில் அது ஆய்வுக்கூட ஒழுக்கம். பிறகு வந்த மலிவுப் பதிப்புகள் அந்த அடிக்குறிப்புகளை உதிர்த்துவிட்டன. பாடல் அழகாக நிற்கிறது, ரெக்கார்டு நோட்டைப் போல.

கருவியைப் பற்றியும் ஒரு சொல். உயர்நிலைச் செய்முறையில் இயற்கையை விசாரிப்பதற்கு முன் கருவியை விசாரிக்கக் கற்றுத்தருகிறார்கள். திருகு அளவியை மூடிவைத்தாலே அது சுழியைக் காட்டாமல் இரண்டு கோடு தள்ளிக் காட்டும், அது சுழிப்பிழை. நகரும் நுண்ணோக்கியின் திருகை முன்னும் பின்னும் திருப்பினால் புரிகளுக்கிடையே உள்ள தளர்ச்சி அளவைக் கெடுக்கும். ஆகவே ஒரே திசையில் திருப்பவேண்டும். நிறமாலைமானியில் எதிரெதிராக இரண்டு வெர்னியர்கள் இருக்கும். ஒன்று போதாதா என்று நான் கேட்டேன். வட்ட அளவுகோலின் மையமும் சுழலும் அச்சின் மையமும் ஒரு மயிரிழை விலகியிருக்கலாமாம். அப்போது ஒரு வெர்னியர் கூட்டிச் சொன்னால் எதிரில் இருப்பது குறைத்துச் சொல்லும். இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் விலகல் நீங்கும். தொல்காப்பியத்திற்கு ஒரே உரையாசிரியரை மட்டும் விரித்துவைத்துக்கொண்டு பாடம் நடத்தும் எங்களைப் போன்றோர் இந்தக் கருவியின் முன் ஒருமுறை நின்று வரலாம். இளம்பூரணரையும் நச்சினார்க்கினியரையும் எதிரெதிரே வைத்துப் படிக்கும்போதுதான் மையம் எங்கே விலகியிருக்கிறது என்பது தெரிகிறது.

இவையெல்லாம் மேலைநாட்டு அறிவு, நமக்குப் புதியவை என்று யாரும் எண்ணவேண்டாம். மணிமேகலையின் சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதையில் அளவைகளைப் பேசும் இடத்தில், அளவைகள் போலத் தோன்றி ஏமாற்றும் எட்டுக் குற்றங்கள் பட்டியலிடப்படுகின்றன. அவற்றுள் திரியக் கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை ஆகிய நான்கும் என் மகளின் குறிப்பேட்டின் முகப்பில் ஒட்டத்தக்கவை. ஒன்றை வேறொன்றாகக் கொள்வது திரியக் கோடல். நிற்பது கட்டையோ ஆளோ என்று தடுமாறுவது ஐயம். ஆராயாமல் அந்தக் கட்டையை ஆள் என்றே முடிவு செய்வது தேராது தெளிதல். எதிரில் புலியின் அடையாளங்கள் வந்தும் அறியாதிருப்பது கண்டுணராமை. இவற்றுள் ஐயத்தையும் ஒரு குற்றமாக வைத்தது பற்றி இன்றைய அறிவியலார் வழக்காடக்கூடும். கடைசி இரண்டைப் பற்றி யாரும் வழக்காடமாட்டார்கள்.

கண்டுணராமை நமக்கும் உண்டு. பத்தாண்டுகளில் இம்மேடையில் நிலக்கரி பற்றி வந்த கவிதைகளை எண்ணிப் பாருங்கள். கன்னங்கரிய, காரிருள் போன்ற, கருங்கூந்தல் நிகர்த்த என்றெல்லாம் கேட்டிருக்கிறோம். நம் சுரங்கத்தில் எடுப்பது பழுப்பு நிலக்கரி. வெட்டியவுடன் அது ஈரம் செறிந்த அடர்பழுப்பு. எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். காயக் காய வெடித்து உதிரும். பெயரிலேயே நிறம் இருக்கிறது. நாள்தோறும் கண்ணெதிரே பட்டையில் ஊர்ந்து போகிறது. கவிதையில் மட்டும் கறுத்துவிடுகிறது. வேறெங்கோ எழுதப்பட்ட ஒரு நிலக்கரிக் கவிதையை நாம் சராசரியாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதன் பக்கத்தில் நட்டுவிட்டோம் என்றுதான் நான் நினைக்கிறேன். கவிஞர்கள் பொறுத்தருள்க.

கண்டு உணர்ந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் ஓர் இளைஞர் முதுகலை பயின்றுகொண்டிருந்தார். முப்பட்டகத்தின் கோணத்தை நிறமாலைமானியால் அளப்பது அன்றும் இன்றும் மாணவர் அனைவரும் செய்யும் சாதாரணச் செய்முறை. முப்பட்டகத்தின் முகத்தில் ஒளி மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பும்போது பிம்பத்தின் இருபுறமும் மெல்லிய பட்டைகள் தோன்றும். கோணம் வேண்டியவர்க்கு அந்தப் பட்டைகள் தொல்லை. இவர் பட்டைகளையே பார்த்தார். இருபுறமும் ஒன்றுபோல் இல்லை, ஒருபுறத்து அகலம் மறுபுறத்தில் இல்லை என்று கண்டார். முப்பட்டகத்தின் முகம் ஒரு செவ்வகத் துளைபோல் நின்று ஒளியை வளைக்கிறது என்று உணர்ந்து, அளந்து, எழுதி, இலண்டனிலிருந்து வெளிவந்த ஃபிலசாஃபிக்கல் மேகசின் என்னும் இதழுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் அச்சேறியது. அவருக்கு அப்போது பதினெட்டு வயது. பெயர் சந்திரசேகர வேங்கட இராமன்.

1907இல் அவர் நிதித்துறை அலுவலராகக் கல்கத்தா சென்றதும், அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் பௌபஜார் தெருவிலிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்ததும், 1917இல் பல்கலைக்கழகப் பேராசிரியரானதும் யாவரும் அறிந்தவை. 1921இல் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் திரும்புகையில் கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பா என்று கேட்டு, மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியை ஒரு நிக்கல் பட்டகத்தால் நீக்கிப் பார்த்து, நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கண்டார். அதன்பின் கல்கத்தாவில் அவரும் மாணவர்களும் நீர்மங்களில் ஒளிச்சிதறலை ஆராயத் தொடங்கினர். நான் இங்கே வந்து சேரவே இவ்வளவும் சொன்னேன். ஏனெனில் அடுத்த ஐந்தாண்டுகள் ஒரே ஒரு சொல்லோடு நடந்த போராட்டம். அந்தச் சொல், மாசு.

1923. கே.ஆர். இராமநாதன் தண்ணீரில் ஒளிச்சிதறலைப் பார்க்கிறார். சோதனை எளியது. சூரிய ஒளியைக் குவித்து, ஊதா நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி ஒன்றின் வழியே நீரில் செலுத்துகிறார். பக்கவாட்டில் சிதறும் ஒளியைப் பச்சை நிறத்தை மட்டும் விடும் இன்னொரு வடிகட்டியின் வழியே பார்க்கிறார். ஒளி நிறம் மாறாமல் சிதறினால், ஒரு வடிகட்டி விட்டதை மற்றது முற்றும் தடுத்துவிடவேண்டும். கண்ணுக்கு இருள்தான் தெரியவேண்டும். ஆனால் மிக மெல்லிய ஒரு சுவடு எஞ்சி நின்றது.

சில பொருள்கள் ஒரு நிற ஒளியை வாங்கி வேறு நிறத்தில் உமிழும். அதனை உடனொளிர்வு என்பர். நீரில் கலந்த ஏதோ ஒரு மாசு அவ்வாறு ஒளிர்கிறது என்பதே இயல்பான விளக்கம். யாராயிருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள். நிறுத்தியிருந்தாலும் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். இராமன் நிறுத்தவிடவில்லை. மாசு என்றால் மாசை நீக்கு, நீக்கினால் சுவடு மறையவேண்டும் என்றார். நீரை வெற்றிடத்தில் மெல்ல மெல்ல வாலைவடித்தார்கள். மறுபடி வடித்தார்கள். மறுபடியும் வடித்தார்கள். சுவடு மறையவில்லை. ஆயினும் அன்று வெளியான கட்டுரையில் அது மெல்லிய உடனொளிர்வு என்றே குறிக்கப்பட்டது. பெயர் பழையதாகவே இருந்தது; ஐயம் மட்டும் உயிரோடு இருந்தது.

1925இல் கே.எஸ். கிருஷ்ணன் வேறு பல தூய நீர்மங்களிலும் அதே சுவட்டைக் கண்டார். திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து வத்திராயிருப்பில் பிறந்தவர் இவர். பின்னர், அரசுப் பணியில் இருந்துகொண்டே ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்த எஸ். வேங்கடேசுவரன், கிளிசரினில் சிதறும் ஒளி நீலமாக இல்லாமல் பச்சைச் சாயலாக இருப்பதையும், அது வலுவாக முனைவாக்கம் பெற்றிருப்பதையும் கண்டார். முனைவாக்கம் என்பது ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிரும் தன்மை. வழக்கமான உடனொளிர்வில் அந்தத் தன்மையை எதிர்பார்ப்பதில்லை. மாசு என்னும் சொல் நிற்க இடமில்லாமல் போகத் தொடங்கியது.

1928 பிப்ரவரியில் கிருஷ்ணன் எழுதிய நாட்குறிப்பு கிடைத்திருக்கிறது. அம்மாதத் தொடக்கத்தில், ஓர் அறிவியலாளன் நெடுநாள் நேரடிச் சோதனையிலிருந்து விலகியிருப்பது நலமன்று என்று தம் பேராசிரியர் கருதியதாக அதில் குறிக்கிறார். கிருஷ்ணன் அதற்குமுன் கோட்பாட்டுக் கணக்குகளில் ஆழ்ந்திருந்தார். அந்த அறிவுரையை ஏற்றுக் கருவிகளிடம் திரும்பி வந்தார். நீர்மம் ஒவ்வொன்றாகத் தூய்மைப்படுத்தி, வடிகட்டிகளை மாற்றி மாற்றி, ஏறத்தாழ அறுபது நீர்மங்களில் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் சுவடு இருந்தது. அறுபதிலும் ஒரே மாசு இருக்கமுடியுமா? பிப்ரவரி 28ஆம் நாள், கையடக்கமான நிறமாலைநோக்கி ஒன்றின் வழியே பார்த்தபோது, செலுத்திய ஒளிக்கு அப்பால், நடுவே ஓர் இருண்ட இடைவெளி விட்டு, தனியே ஒரு பட்டை நின்றது. பாதரச ஆவி விளக்கின் ஒளியைச் செலுத்தியபோது அது கூரிய வரிகளாகப் பிரிந்தது. ஒளி மூலக்கூறோடு ஆற்றலைப் பரிமாறிக்கொண்டு நிறம் மாறி வருகிறது. இருவர் பெயரிலும் குறிப்பு மார்ச் 31ஆம் நாள் நேச்சர் இதழில் வந்தது. 1930இல் நோபல் பரிசு இராமனுக்கு வந்தது. கிருஷ்ணன் பெயரை நாம் போதிய அளவு சொல்வதில்லை என்பது என் மனக்குறை, அது இருக்கட்டும்.

இதில் நான் மீண்டும் மீண்டும் நினைப்பது நோபல் பரிசை அன்று. மாசு என்று முதலில் சொன்னது தவறில்லை. நல்ல அறிவியலார் அப்படித்தான் சொல்லத் தொடங்குவார்கள். பெரும்பாலும் அது மாசாகவே இருக்கும். ஆனால் மாசு என்று சொல்வதும் ஒரு கருதுகோள். அதனையும் சோதிக்கவேண்டும். வடித்துப் பார்க்காமல் மாசு என்று சொல்பவன் ஒரு விளக்கத்தைத் தரவில்லை, ஒரு கதவைச் சாத்துகிறான்.

நம் ஊரின் கதையும் இதுவே. 1930களின் இடையில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் பாசனத்திற்காகக் கிணறு தோண்டியபோது, தண்ணீரோடு கரும்பழுப்பான துகள்கள் வந்தன. தண்ணீர் வேண்டியவர்க்கு அவை அழுக்கு. தெளியவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். அவர் அவற்றை அரசினர் கவனத்திற்குக் கொண்டு சென்றார். 1956இல் நிறுவனம் தோன்றியது. 1961இல் நிலக்கரி வெளிப்பட்டது. இந்த அரங்கின் விளக்குகளும் அந்த அழுக்கின் வழிவந்தவை.

இனி முல்லைக்கு வருகிறேன். அகநானூற்றைத் தொகுத்தவர் நானூறு பாடல்களையும் ஓர் எண்ணொழுங்கில் வைத்தார் என்பதை அறிவீர்கள். ஒற்றைப்படை எண்கள் பாலை; நான்கில் முடிபவை முல்லை. ஆகவே முல்லை சரியாக நாற்பது. என் முனைவர் பட்ட ஆய்வின் ஓர் இயலில், முல்லையின் சிறுபொழுதாகிய மாலை பற்றிய குறிப்பு பாடலின் எப்பகுதியில் வந்து அமைகிறது என்று ஆராய்ந்தேன். ஒரு விதி கிடைத்தது. அழகிய விதி. அதனை நிறுவ ஓர் அட்டவணையும் வரைந்தேன். மூன்று பாடல்கள் மட்டும் இணங்கவில்லை.

அப்போது எனக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகள், கைக்குழந்தை, ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் நெருங்கிவிட்டது. அந்த மூன்று பாடல்களையும் அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டு, இப்பாடல்களின் பாடம் ஐயத்திற்குரியது என்று ஓர் அடிக்குறிப்பு எழுதினேன். பாடவேறுபாடு காட்டும் பதிப்புகளைத் திறந்து பார்க்கவில்லை. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அந்த அடிக்குறிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. விதி ஒழுங்காக இருக்கிறது என்று பாராட்டினார். அந்தக் கைக்குழந்தைதான், இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 402, 399, 401 என்று எழுதிய பக்கத்தை என் முன் விரித்துக்கொண்டு அழுதாள்.

அவளை நான் கடிந்துகொண்டேன். கடிந்துகொண்டிருக்கும்போதே என் அடிக்குறிப்பு நினைவுக்கு வந்தது. அவள் இரண்டு எண்களைக் கருவியின் பழுது என்றாள். நான் மூன்று பாடல்களை ஏட்டின் பழுது என்றேன். அவளை ஒருவர் ஒரு வாரத்தில் பிடித்துவிட்டார்.

அன்றிரவே அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஆய்வேட்டை இறக்கினேன். அடுத்து வந்த விடுமுறையில், செய்யவேண்டிய காலத்தில் செய்யாததைச் செய்தேன். பாடவேறுபாடு தரும் பதிப்புகளை அருகில் வைத்து அந்த மூன்று பாடல்களையும் அடியடியாக ஒப்பிட்டேன். ஒன்றில் பாடவேறுபாடு உண்டு. ஆனால் அது மாலை வரும் அடியைத் தொடவில்லை. மற்ற இரண்டிலும் என் விதிக்கு உதவக்கூடிய வேறுபாடு எதுவும் இல்லை. ஏடெழுதியவர் மேல் பழி போட இடமில்லை. வாலைவடித்தாயிற்று, சுவடு நிற்கிறது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் பார்த்தேன். மூன்றும் தலைவன் வினைமுடித்துத் திரும்புகையில் பாகனிடம் பேசுபவை. அட்டவணையில் பாட்டின் எண் இருந்தது, மாலை வரும் அடி இருந்தது. பேசுவோர் யார் என்பதற்கு ஒரு பத்தி இல்லை. காத்திருப்பவளின் வாயில் மாலை வரும் இடமும், விரைந்து வருபவனின் வாயில் மாலை வரும் இடமும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று நான் எங்கே கற்றேன்? உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். பாகனிடம் தலைவன் பேசும் வேறு பாடல்களும் அந்த நாற்பதில் இருக்கின்றன. அவற்றுட் சில பழைய விதிக்கு அடங்கியே நடக்கின்றன. ஆகவே புது விதி இன்னும் கிடைக்கவில்லை. பழைய விதி மட்டும் போய்விட்டது. முனைவர் பட்டம் பெற்ற ஒருத்தி மேடையில் நின்று சொல்வதற்கு இது இனிய செய்தியன்று. என் வழிகாட்டியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மூன்றின் எண்ணைச் சொல்லம்மா, எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

இப்போது நாற்பது பாடல்களையும் புதிய ஏட்டில் முதலிலிருந்து எழுதிவருகிறேன். பேசுவோர், கேட்போர், மாலை வரும் அடி, பாடவேறுபாடு, என் ஐயம் என்று ஐந்து பத்திகள். மையால் எழுதுகிறேன். அடித்தவை ஒரே கோட்டால் அடிக்கப்பட்டிருக்கின்றன, படிக்கத் தெரியும். இதுவரை இருபத்தாறு பாடல்கள் முடிந்துள்ளன. அடுத்த மாதக் கூட்டத்திற்கு அந்த ஏட்டையே கொண்டுவருகிறேன். படியெடுத்து அழகுபடுத்தமாட்டேன். உறுப்பினர்கள் ஆளுக்கு இரண்டு பாடலாக எடுத்துக்கொண்டு, என் அளவீட்டைப் பாராமல் தாங்களே படித்து, மாலை எங்கே வருகிறது என்று குறித்துத் தந்தால் எனக்கு எதிர்ப்பக்கத்து வெர்னியர் கிடைக்கும்.